வெளியார் டேப் டிரைவும் பழைய ஐசீரிஸ் கணினியும்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரில், உட்துறைமுகத்துக்கு அருகே, மாவட்டம் முழுவதற்கும் உலர் உணவுப் பொருட்களை மொத்தமாக விநியோகிக்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது. களஞ்சியம், கடன் விற்பனை, பேரேடு, சம்பளம் எல்லாம் ஐபிஎம் ஐ5 520 கணினி ஒன்றில்தான் ஓடுகின்றன. 1988இல் ஏஎஸ்/400 என்று வந்து, 2000இல் ஐசீரிஸ் ஆகி, 2004இல் ஐ5 என்று பெயர் மாறிய அதே குடும்பம். அலுவலகத்தில் இன்னும் எல்லோரும் 'ஏஎஸ் ஃபோர் ஹண்ட்ரட்' என்றுதான் சொல்வார்கள். இயங்குதளம் வி5ஆர்4. அதற்கான ஆதரவை ஐபிஎம் 2013 செப்டெம்பரில் நிறுத்திவிட்டது. மென்பொருளோ பல ஆண்டுகளாக ஆர்பிஜி என்ற நிரல்மொழியில் எழுதி எழுதித் திருத்தியது. அதை வேறு கணினிக்குக் கொண்டுபோவதற்குப் பெரிய பணம் வேண்டும். அதனால் 520 ஓடும்வரை ஓடட்டும் என்பது நிர்வாகத்தின் முடிவு, அந்த முடிவில் நியாயமும் இருந்தது.

பேக்கப் எடுக்க, வெளியே வைத்த எல்டிஓ-2 டேப் டிரைவ் ஒன்று இருந்தது. எல்டிஓ என்பது பேக்கப்புக்கான காந்த நாடா வகை, எண் அதன் தலைமுறை. ஒவ்வோர் இரவும் மாறிய கோப்புகள், வெள்ளி இரவில் முழு நூலகங்கள் (கோப்புகளையும் நிரல்களையும் வைக்கும் தொகுதிகள்), மாத முடிவில் ஒரு தனி டேப். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இன்னொரு வழக்கமும் வந்தது. மாத முடிவு டேப்பை உவர்மலையில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய் இரும்பு அலுமாரியில் பூட்டி வைப்பார்கள். கடல் ஏறி வந்தாலும் கணக்கு மேட்டில் இருக்கும் என்ற எண்ணம்.

நான் இங்கே கணினிப் பராமரிப்புக்கு வெளியிலிருந்து வருபவன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கண்டது

2022 மார்ச்சில் டிரைவின் முகப்பிலுள்ள ஒற்றை எழுத்துத் திரையில் 'சி' அடிக்கடி வரத் தொடங்கியது. துப்புரவு டேப் போடச் சொல்லும் குறி அது. போட்டால் மறையும், இரண்டொரு இரவில் திரும்ப வரும். பிறகு '6' வந்தது. டிரைவிலோ டேப்பிலோ பிழை என்று அதற்குப் பொருள். புதிய டேப் போட்டும் '6' மாறாததால் பழுது டிரைவில்தான் என்று முடிவுக்கு வந்தோம்.

அந்த மாதம் எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம். மாத ஆரம்பத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஐபிஎம் முத்திரையுள்ள மாற்று டிரைவுக்கு வந்த விலைக்குறிப்பு ஒரு வாரத்துக்குத்தான் செல்லும், அதுவும் டொலரில். வெளியார் டிரைவ், அதாவது ஐபிஎம் அல்லாதவர் விற்கும் டிரைவ், என்ற பேச்சு வந்தது இந்த நெருக்கடியில்தான். சாதாரண காலமாக இருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

இடைக்கால ஏற்பாடு

டிரைவ் வரும்வரை பேக்கப் இல்லாமல் இருக்க முடியாது. நூலகங்களை வட்டிலேயே சேவ் ஃபைலாக (பேக்கப்பை அடக்கிய கோப்பாக) எடுத்து, எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகப் பைனரி முறையில் ஒரு சாதாரண பிசிக்கு அனுப்பினோம். பயனர் விவரங்களையும் சாதன அமைவுகளையும் அப்படியே எடுக்க முடிந்தது. ஆனால் இயங்குதளத்தையே காக்கும் சேவ்சிஸ் கட்டளை சேவ் ஃபைலுக்குள் எழுதாது. அதாவது தரவு கையில் இருக்கும். வட்டு முழுதாகப் போனால் அதை ஏற்றுவதற்கு ஒரு கணினி இருக்காது. இந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

எந்தத் தலைமுறை

கொழும்பு வழங்குநர் ஒருவர் எல்டிஓ-3, எல்டிஓ-4 இரண்டிலும் மீள்திருத்திய வெளிப்பெட்டிகள் வைத்திருந்தார். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொற்பம். எல்டிஓ-4 டேப்பில் 800 ஜிபி, எல்டிஓ-3இல் 400. எல்லோருடைய கையும் பெரியதை நோக்கித்தான் போனது.

கூட்டத்தில் மூத்த கணக்காளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, 2003ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிற டேப்பும் இதில ஓடுமோ?”

அந்தக் கேள்விதான் முடிவைத் தீர்மானித்தது. 520 வருவதற்கு முன்னிருந்த கணினியில் எழுதிய ஆண்டிறுதி டேப்புகள் எல்டிஓ-1. அந்தத் தலைமுறைகளில் ஒரு டிரைவ் தனக்கு முந்திய இரண்டு தலைமுறைகளை வாசிக்கும், முந்திய ஒன்றில் எழுதும். எல்டிஓ-3 என்றால் எல்டிஓ-1ஐ வாசிக்கும், கையிலிருக்கும் எல்டிஓ-2 டேப்புகளில் எழுதவும் செய்யும். எல்டிஓ-4 என்றால் எல்டிஓ-1 டேப்புகள் வெறும் பிளாஸ்டிக். இந்த நிறுவனத்தின் தரவு 400 ஜிபிக்கு அருகிலும் வராது. எல்டிஓ-3 என்று எழுதிக் கொடுத்தோம்.

முதல் பெட்டி

பெட்டி வந்ததும் கேபிளைச் செருகும் முன் இரு பக்கத்துப் பொருத்திகளையும் பார்த்தோம். டிரைவைக் கணினியோடு இணைக்கும் ஸ்கசி முறையில் எல்விடி, எச்விடி என்று இரண்டு மின்னழுத்த முறைகள் உண்டு. பொருத்தி ஒரே மாதிரி இருக்கலாம், ஆனால் ஒன்றை மற்றதில் செருகினால் அட்டையோ டிரைவோ எரியலாம். கணினியில் இருந்தது 5702 அட்டை, எல்விடி. பெட்டியின் பின்புறச் சாய்சதுரக் குறியிலும் எல்விடி என்றே இருந்தது. அட்டைப் பக்கம் சிறிய 68 முனைப் பொருத்தி, பெட்டிப் பக்கம் பெரிய 68 முனைப் பொருத்தி. பழைய கேபிளே போதுமாக இருந்தது. பெட்டியின் இரண்டாவது வாயில் டெர்மினேட்டர் (இணைப்பின் முனையை மூடும் செருகி) போட்டோம்.

இந்த வகைக் கணினியில் ஸ்கசி டேப்பைச் செருகியவுடன் அது தெரியவராது. டிரைவுக்கு முதலில் மின் கொடுத்து, பிறகு அந்த அட்டையை நடத்தும் ஐஓபி என்ற துணைச் செயலியை மீள்தொடக்க வேண்டும். எஸ்எஸ்டி என்ற பராமரிப்புக் கருவிப் பகுதியில், ஹார்ட்வேர் சர்வீஸ் மானேஜருக்குள் அந்தத் தெரிவு இருக்கிறது. அதே ஐஓபியின் கீழ் வட்டும் இருந்தால் கைவைக்கக் கூடாது, ஓடும் கணினி நின்றுபோகும். இங்கே அந்த ஐஓபியின் கீழ் டேப் அட்டையும் ஒரு தொடர்பாடல் அட்டையும் மட்டுமே இருந்தன. தொடர்பாடலை முதலில் நிறுத்திவிட்டு மீள்தொடக்கினோம்.

வன்பொருள் பட்டியலில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினோம், ஸ்கசி எண்ணை மாற்றினோம், மறுபடியும் மீள்தொடக்கினோம். வெறுமைதான்.

இந்த இடத்தில் பலர் டிரைவ் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெட்டியை ஸ்கசி அட்டையுள்ள ஒரு லினக்ஸ் பிசியில் பொருத்திப் பார்த்தோம். உடனே தெரிந்தது, டேப்பை எழுதியது, வாசித்தது. டிரைவ் நல்லது. எஸ்ஜி-இன்க்யூ கட்டளையால் அதன் அடையாளத்தைக் கேட்டபோது விடையும் கிடைத்தது. ஸ்கசிச் சாதனம் ஒவ்வொன்றும் 'நீ யார்' என்ற விசாரணைக்கு 8 எழுத்தில் தயாரிப்பாளர் பெயர், 16 எழுத்தில் பொருளின் பெயர், 4 எழுத்தில் பதிப்பு எண் என்று பதில் தரும். இந்தப் பெட்டி வேறொரு தயாரிப்பாளரின் பெயரைச் சொன்னது. லினக்ஸ் 'டேப் வகைச் சாதனம்' என்று தெரிந்தாலே ஏற்றுக்கொள்ளும். வி5ஆர்4 அப்படியல்ல. அதனிடம் தனக்குத் தெரிந்த டிரைவுகளின் பட்டியல் இருக்கிறது. அடையாளம் அந்தப் பட்டியலோடு பொருந்தினால்தான் 3580 போன்ற வகை எண்ணும் மாதிரி எண்ணும் கொடுத்து வளமாக, அதாவது தான் பயன்படுத்தக்கூடிய சாதனமாக, பதியும். பொருந்தாவிட்டால் பிழைச் செய்திகூட வராது, பட்டியல் வெறுமையாக இருக்கும். வழங்குநரின் தாளில் 'ஏஎஸ்/400க்குப் பொருந்தும்' என்று அச்சிட்டிருந்தது. கம்பி பொருந்தும் என்ற அளவில் அது உண்மை.

இரண்டு வழிகள்

வழங்குநர் இரண்டு யோசனைகள் சொன்னார். ஒன்று, அதே டிரைவில் ஐபிஎம் அடையாளத்தைச் சொல்லும் போலிமைப் ஃபர்ம்வேரை (டிரைவுக்குள் ஓடும் நிரலை) ஏற்றித் தருவது. மற்றது, ஐபிஎம்மே தயாரித்து வேறு நிறுவனங்களின் பெட்டிக்குள் விற்ற டிரைவைத் தேடித் தருவது. அதன் பொறிமுறை அசல், அடையாளம் மட்டும் வேறு. வெளியில் விற்றவை 'அல்ட்ரியம்-டிடி3' என்று சொல்லும், ஐபிஎம் தன் பெயரில் விற்ற 3580 'யூஎல்டி3580-டிடி3' என்று சொல்லும். ஃபர்ம்வேரை மாற்றினால் இரண்டாவதைச் சொல்ல வைக்கலாம் என்றார்.

முதல் வழி விரைவு, காசும் குறைவு. ஆனாலும் இரண்டாவதையே கேட்டேன். எல்லாம் சரியாக ஓடும் நாளில் அடையாளம் மட்டும் போதும். பிழை வரும் நாளில் டிரைவ் அனுப்பும் விவரக் குறிப்பைக் கணினி தன் பட்டியலை வைத்துத்தான் பொருள்கொள்ளும். அந்தக் குறிப்பில் ஒரு பகுதி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். பெயர் ஐபிஎம், உள்ளே வேறொருவர் என்றால், டேப் பழுதா டிரைவ் பழுதா என்று பிழைப் பதிவைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாமல் போகும். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றருக்கு அப்பால், ஒரே ஒரு டிரைவோடு இருப்பவர்களுக்கு அந்தத் தெளிவு அவசியம். வன்பொருள் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வெளியார் டிரைவுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று முதலே எழுத்தில் சொல்லிவிட்டார். பிழைப் பதிவை நாங்களேதான் வாசிக்க வேண்டியிருந்தது.

இம்முறை பணம் கொடுக்கும் முன், விசாரணைக்கு டிரைவ் சொல்லும் பதிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். 'யூஎல்டி3580-டிடி3' என்று திரையில் தெரிந்த பிறகே பெட்டி வண்டியேறியது.

இரண்டாவது பெட்டி

ஐஓபியை மீள்தொடக்கிய சற்று நேரத்தில் பட்டியலில் 3580, மாதிரி 003 என்று வந்தது. தன்னியக்க அமைவு இயங்கும்படி வைத்திருந்ததால் சாதன விவரமும் (நிரல்கள் டிரைவை அழைக்கும் பெயருள்ள பதிவு) தானாகவே உருவானது. பெயர் டேப்02. பழைய டிரைவின் பதிவு டேப்01 என்ற பெயரோடு இன்னும் உள்ளே இருந்தது. தொடரெண் வேறு என்பதால் கணினி புதிய டிரைவைப் புதிய ஆளாகவே எடுத்துக்கொண்டது.

இரவு வேலைகளை நடத்தும் சிஎல் என்ற கட்டளைமொழி நிரல்களில் டேப்01 என்று நேரடியாக எழுதியிருந்தது. நிரல்களைத் திருத்துவதா, சாதனத்தின் பெயரை மாற்றுவதா? சில நிரல்களுக்குத் திருத்தக்கூடிய மூலநிரலே கிடைக்கவில்லை. ஆகவே பெயரை மாற்றினோம். பழைய சாதன விவரத்தை அழித்தால் அதற்குத் தனித்தனியே கொடுத்த அனுமதிகளும் அழியும். அவற்றை முதலில் அச்செடுத்தோம். பிறகு இரண்டு விவரங்களையும் நிறுத்தி அழித்து, டேப்01 என்ற பெயரில் புதிய வளத்தைச் சுட்டும் விவரம் ஒன்றை உருவாக்கி, இரவுப் பணியாளரின் அனுமதியைத் திரும்பக் கொடுத்தோம். அன்றிரவு பேக்கப் பிழையின்றி முடிந்தது.

மீட்டுப் பார்த்தல்

நிர்வாகம் அன்றே வேலை முடிந்ததாக நினைத்தது. எழுதிய டேப்பிலிருந்து ஒரு நூலகத்தை வேறு பெயரில் மீட்டு, பதிவுகளின் எண்ணிக்கையை அசலோடு ஒப்பிடாமல் நான் கையெழுத்து வைக்க மறுத்தேன். அது சரியாகவே வந்தது. பழைய டிரைவில் எழுதிய எல்டிஓ-2 டேப்புகளும் வாசித்தன. அடுத்தது உவர்மலை அலுமாரி.

எல்டிஓ டேப்பை நீண்டகாலம் வைக்க 16 முதல் 25 பாகை வெப்பமும் 20 முதல் 50 வீத ஈரப்பதமும் வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் அந்த அறை அடுப்பங்கரைபோலக் கொதிக்கும், வாடை மழையில் சுவர் வியர்க்கும். கடலிலிருந்து காப்பாற்றிய மேடு காற்றின் ஈரத்திலிருந்து காப்பாற்றவில்லை. டேப்புகளைக் கொண்டுவந்து கணினி அறையின் குளிரில் ஒரு நாள் முழுக்க வைத்தோம். பிறகு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துச் சோதித்தோம்.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்டிஓ கார்ட்ரிட்ஜின் மூலையில் ஒரு சிறு வழுக்குக் கதவு இருக்கிறது. விரல் நுனியால் அதைத் தள்ளிப் பார்த்தால் நாடாவின் முனையில் கோத்த மெல்லிய உலோக ஊசி தெரியும். அதன் இரு முனைகளும் இரண்டு பிடிகளில் நேராக அமர்ந்திருக்க வேண்டும். டிரைவ் அந்த ஊசியைப் பிடித்துத்தான் நாடாவை உள்ளே இழுக்கிறது. எப்போதோ கீழே விழுந்த கார்ட்ரிட்ஜில் ஊசி சரிந்திருக்கும். அதைச் செருகினால் டேப் வராது, டிரைவும் கெடலாம். ஒரே டிரைவ் இருக்கும் இடத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு! ஊசி சரிந்த ஒரு கார்ட்ரிட்ஜைக் கண்டுபிடித்துத் தனியே வைத்தோம். சிலவற்றின் கதவோரத்தில் வெண்பூஞ்சை. அவற்றையும் செருகவில்லை.

மீதியில் 2003ஆம் ஆண்டு டேப் முழுதாக வாசித்தது. கணக்காளர் பழைய ஐந்தொகையின் இலக்கங்களைத் தாளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார்.

மின்வெட்டு இரவுகள்

சில வாரங்களில் புதிய முறைப்பாடு: சில இரவுகளில் பேக்கப் நடுவில் அறுந்துபோகிறது, மறுநாள் ஐஓபியை மீள்தொடக்கும்வரை டிரைவ் தெரிவதில்லை. வெளியார் டிரைவ் என்பதால்தான் இப்படி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தேதிகளை மின்வெட்டு அட்டவணையோடு ஒப்பிட்டபோது வேறு உண்மை வெளிவந்தது. அறுந்த இரவுகள் எல்லாம் மின்வெட்டு இரவுகள்.

பெட்டியோடு வந்த மின்வடத்தின் செருகி ஐரோப்பிய வகை. யூபிஎஸ்ஸின் சதுர முனைத் துளைகளில் அது போகாது. யாரோ ஒரு பன்முகச் செருகியில் மாட்டி, அதைச் சுவரில் கொடுத்திருந்தார்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழும் சில வினாடிகளில் கணினி யூபிஎஸ்ஸில் நின்றது, டிரைவ் மட்டும் அணைந்து மறுபடி இயங்கியது. சரியான வடம் ஒன்று வாங்கி யூபிஎஸ்ஸுக்கு மாற்றினோம். பிறகு அந்த முறைப்பாடு வரவில்லை.

கணினியையே எழுப்ப முடியுமா

கடைசிச் சோதனைக்கு ஒரு போயா விடுமுறையைக் கேட்டு வாங்கினோம். சேவ் மெனுவின் 21ஆம் தெரிவால் முழுக் கணினியையும் டேப்பில் எடுத்து, டி முறையில் அந்த டேப்பிலிருந்து எழுப்ப முயன்றோம். எழவில்லை. டேப் அட்டை இருந்த ஐஓபி, முதல் வட்டை நடத்தும் ஐஓபி அல்ல. அதன் கீழுள்ள டிரைவை இந்தக் கணினி எழும்போது தேடுவதே இல்லை. பழைய டிரைவும் இதே அட்டையில்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகளாகக் கையிலிருந்த முழு பேக்கப் டேப்பால் கணினி நேரடியாக எழுந்திருக்காது என்பது அன்றுதான் தெரியவந்தது.

இதற்கு முறையான வழி இருக்கிறது. கணினியின் உள்ளடி நிரலுள்ள டிவிடியால் முதலில் எழுப்பி, டிஎஸ்டி என்ற பராமரிப்புத் திரைக்குள் டேப்பை 'மாற்று நிறுவல் சாதனம்' என்று தெரிவுசெய்து இயக்கிவைக்க வேண்டும். டிவிடியின் பதிப்பும் டேப்பில் உள்ள பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஆவணப் பெட்டியில் டிவிடி கிடைத்தது, பதிப்பு பொருந்தியது. மாற்று நிறுவல் சாதனத்தை அமைத்து, நிறுவலைத் தொடங்கும் திரைவரை சென்று, எதையும் எழுதாமல் திரும்பினோம். டிவிடிக்கு இரண்டு பிரதிகள் எடுத்தோம். ஒன்று எப்போதும் முழு பேக்கப் டேப்போடு ஒரே உறையில் இருக்கும்.

பின்னர் நடந்தது

2023 ஆரம்பத்தில், ஆண்டு மாற்றும் வேலையின்போது நடப்பு ஆண்டின் கடனாளர் கோப்பொன்று அழிந்தது. முந்தைய இரவு டேப்பிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் மீட்டார்கள். அதைச் செய்தவர் இரவுப் பணியாளர். என்னைக் கூப்பிடவே இல்லை, வேலை முடிந்த பிறகுதான் சொன்னார். இந்த ஏற்பாட்டில் எனக்கு நிறைவு தந்தது அதுதான்.

இனி மாற்றுவது

'பொருந்தும்' என்ற சொல்லை வழங்குநரிடமிருந்து இனி ஏற்க மாட்டோம். விசாரணைக்கு டிரைவ் சொல்லும் பதிலின் படம், அந்த இயங்குதளப் பதிப்பில் வளமாகத் தெரிந்ததற்கான சான்று, மீட்டுப் பார்த்து ஏழு நாளில் திருப்பித் தரும் உரிமை ஆகியவை கொள்வனவுக் கடிதத்திலேயே இருக்கும். பெட்டி வரும்போது மின்வடத்தின் செருகியையும் பார்ப்போம்.

டேப்01 என்று நேரடியாக எழுதிய நிரல்களில் மூலம் உள்ளவற்றை, சாதனப் பெயரை ஒரு தரவுப் பகுதியிலிருந்து எடுக்கும்படி திருத்தத் தொடங்கியிருக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை ஒரு நூலகம் வேறு பெயரில் மீட்கப்பட்டு, எண்ணிக்கை ஒப்பிடப்பட்டு, கணக்காளர் கையெழுத்திடுவார். தொழில்நுட்பப் பக்கத்தவர் கையெழுத்து அதற்குப் போதாது என்பது என் வற்புறுத்தல். தரவு யாருடையதோ அவர்தான் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உவர்மலை வீட்டில் டேப்புகள் இப்போது ஈரம் உறிஞ்சும் பைகளோடு, இறுக மூடும் பெட்டிக்குள் குளிரூட்டிய அறையில் இருக்கின்றன. வாசிக்கக்கூடிய எல்டிஓ-1 டேப்புகளின் உள்ளடக்கம் ஒவ்வொன்றாக வட்டுக்கு மீட்கப்பட்டு எல்டிஓ-3இல் திரும்ப எழுதப்படுகிறது. ஒரே டிரைவ் என்பதால் டேப்பிலிருந்து டேப்புக்கு நேரே பிரதி எடுக்க முடியாது, வேலை மெதுவாகத்தான் போகிறது. பூஞ்சை பிடித்தவற்றையும் ஊசி சரிந்த ஒன்றையும் இந்த டிரைவில் போடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. அந்த ஆண்டுகளுக்கு அச்சிட்ட பேரேட்டுத் தாள்கள் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்யும் பணியைக் கணக்காளர் தன் பிரிவில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.